பாடத்தைத் தேடாம வேலையைப் பாருங்க

நான் ஆத்தங்குடிப் பக்கத்துக்கு வாக்கப்பட்டு வந்தவ. புகுந்த வீட்டுல கல்லுப் போடுறதுதான் தொழில், வெளியூர்ல ஆத்தங்குடி டைல்ஸுன்னு சொல்றாங்களே அதுதான். ஞாயித்துக்கிழமை மாதா கோயில்ல பூசை, அப்பப்ப அன்பியக் கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்க ஒரு வீட்டுல கூடி ஜெபிக்கிறது, ராத்திரி ஜெபமாலை, மத்த நேரமெல்லாம் சிமெண்டும் மணலும் தண்ணித்தொட்டியும்தான். ரொம்ப காலமா எனக்குள்ள ஒரு ஏக்கம், கோயில்ல முட்டி போட்டு இருக்கிறப்ப கடவுள் பக்கத்துலயே இருக்கிற மாதிரி இருக்கு, பட்டறைக்கு வந்து முந்தானையச் சொருகுனா அந்த நெனப்பே அத்துப் போகுது, இது ரெண்டையும் எப்படி ஒண்ணு சேக்குறதுன்னு. இந்த ஏக்கம் நெறைய பேருக்கு இருக்கும்னு நெனைக்கிறேன், அதனால எனக்குப் பிடிபட்டதை எழுதுறேன்.

காலையில போனைத் திறந்தா வாட்ஸ்அப்ல விசுவாசப் பாடம் வந்து விழுது, மெழுகுவர்த்தி இதைக் கத்துத் தருது, எறும்பு அதைக் கத்துத் தருதுன்னு. அனுப்புறவங்க நல்ல மனசோடதான் அனுப்புறாங்க, ஆனா எனக்கு அது மத்தியானம் வரைக்கும்கூட நிக்கிறதில்ல. ஏன்னு யோசிச்சுப் பாத்தேன். மெழுகுவர்த்தியைப் பத்தி அதுல ஒண்ணுமே இருக்காது, சொல்ல வந்த கருத்து முன்னாடியே முடிவாகி இருக்கு, அதுக்குத் தோதா ஒரு பொருளைத் தேடிப் புடிச்சிருக்காங்க, அவ்வளவுதான். இயேசு சொன்ன உவமையெல்லாம் அப்படி இல்ல. பழைய துணியில புதுத்துணி ஒட்டுப் போட்டா ஒட்டு சுருங்கி கிழிசல் பெருசாகும்னு சொல்றாரு, அது தைச்சுப் பழகுன வீட்டுல வளந்தவருக்குத்தான் தெரியும். வலையை இழுத்துட்டு வந்து கரையில உக்காந்து நல்ல மீனைக் கூடையில போட்டு ஆகாததை எறியுறதைச் சொல்றாரே, அந்த 'உக்காந்து'ங்கிறதை நின்னு பாத்தவருதான் சொல்ல முடியும். தச்சு வேலை செஞ்ச கை அவரோடது. வேலையை உள்ளுக்குள்ள இருந்து தெரிஞ்சவரு பேசுனதால இத்தனை நூற்றாண்டு கழிச்சும் அது நிக்குது.

அதனால நான் பாடம் தேடுறதை விட்டுட்டேன். வேலையை நல்லாப் பாக்க ஆரம்பிச்சேன். அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா வர ஆரம்பிச்சுது.

எங்க வேலையைக் கொஞ்சம் விவரமாச் சொல்றேன், இது தெரியலைன்னா மீதி புரியாது. கல்லுக்குச் சூளை கிடையாது, பாலீஷ் மிஷின் கிடையாது. ஒரு சதுரக் கண்ணாடியைத் துடைச்சுக் கீழ வச்சு, அதைச் சுத்தி இரும்புச் சட்டம் வச்சு, சட்டத்துக்குள்ள பூ டிசைன் உள்ள தகர அச்சை இறக்குவோம். கலர் சிமெண்டைத் தண்ணியாக் கரைச்சு, சின்னக் கரண்டியால அந்தந்தக் கட்டத்துக்குள்ள ஊத்தணும், செகப்பு இதுல, மஞ்சள் அதுல, பச்சை இதுலன்னு. ஊத்தி முடிச்சதும் அச்சை நேரா மேல தூக்கணும், கை ஒரு நூல் அளவு ஆடுனாலும் கோடு கலங்கிப் போகும். அப்புறம் காஞ்ச சிமெண்டு மணலைத் தூவுவோம், அது கலர்ல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், அதுக்கு மேல குழைச்ச கலவையைப் போட்டுக் கரணையால அமுக்கி மட்டம் பண்ணிச் சட்டத்தைக் கழட்டிட்டா கல்லு முடிஞ்சுது. ஒரு நாள் அப்படியே விட்டு, கண்ணாடியோட சேத்துத் தண்ணித்தொட்டியில பல நாள் ஊறப் போட்டு, எடுத்து வெயில்ல அடுக்குவோம். அப்பதான் கண்ணாடி தானா விட்டு வரும். கல்லோட மினுமினுப்பு முழுக்க அந்தக் கண்ணாடி குடுத்தது.

இதுல நான் ரொம்ப நாள் பாத்தும் பாக்காம இருந்த ஒரு விஷயம் என்னன்னா, கல்லோட முகம் கீழ இருக்கு. போடுறவரு கண்ணுக்குத் தெரியுறது பூரா முதுகுதான். அச்சைத் தூக்குன அடுத்த நிமிஷம் பூவெல்லாம் சாம்பக்கலர் கலவைக்கு அடியில போயிருது, அதுக்கப்புறம் செய்யுற ஒவ்வொரு வேலையும் அந்தப் பூ கண்ணுக்குத் தெரியாமத்தான் செய்யணும். எங்க வீட்டுக்காரரு சின்ன வயசுலேருந்து போடுறவரு, அவருக்கும் அப்படித்தான். கண்ணாடி விடுற அன்னைக்குத்தான் அவரும் பாக்குறாரு.

ஒரு தடவை ஒரு வீட்டுக்கு அவசரமா கல்லு வேணும்னு நெருக்குனாங்க. புதுசா வேலைக்கு வந்த பையன் ஒருத்தன், கண்ணாடி விடுறதுக்கு முன்னாடியே ஓரத்துல கரணை நுனியைக் குடுத்து நெம்பிட்டான். பூவோட பாதி கண்ணாடியிலயே ஒட்டிக்கிட்டு வந்துருச்சு, கல்லு சொரசொரன்னு நின்னுச்சு. எங்க மாமியார் அப்ப திண்ணையில உக்காந்து ஒடஞ்ச கல்லைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க, பையனைத் திட்டல, "ஏப்பா, நெம்பாத. விடுறப்ப அது விடும். நீ தண்ணி வத்தாமப் பாரு, அதான் உன் வேல"ன்னாங்க.

சிமெண்டு காஞ்சு இறுகுதுன்னுதான் நெறைய பேரு நெனைக்கிறாங்க. தண்ணியோட சேந்துதான் அது இறுகும். தண்ணி பத்தாம சீக்கிரம் காஞ்சுட்டா கல்லு பொறு பொறுன்னு உதிரும். அதனாலதான் தொட்டி. அந்தத் தொட்டியில என்ன நடக்குதுன்னு யாராலயும் பாக்க முடியாது, நாம தூங்கி எந்திரிச்சுக்கிட்டு இருப்போம், அது பாட்டுக்கு இறுகிக்கிட்டு இருக்கும். மாற்கு நாலாம் அதிகாரத்துல விதைச்சவன் ராத்திரி தூங்குறான், பகல்ல எந்திரிக்கிறான், விதை எப்படி முளைக்குதுன்னு அவனுக்கே தெரியாதுன்னு வருதே, அதைப் பூசையில வாசிக்கக் கேட்ட ஒரு நாள் எனக்கு எங்க தொட்டிதான் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. நானா இழுத்து வச்சு ஒட்டல, அதுவா வந்துச்சு. அந்த வித்தியாசம் உங்களுக்கும் ஒரு நாள் தெரியும்.

அதுக்கப்புறம் என் ஜெபமே மாறிடுச்சு. எங்க பெரிய பையன் படிப்பு முடிச்சு வேலை அமையாம வீட்டுல இருந்தான், மொகம் குடுத்துப் பேச மாட்டான். தினமும் அவன்கிட்ட என்னப்பா ஆச்சு, எங்கயாவது கேட்டியான்னு நச்சரிக்கிற வீடுதான் எல்லா வீடும். எனக்கு மாமியாரோட அந்தத் திண்ணைப் பேச்சு ஞாபகத்துல இருந்ததால, கேள்வியைக் குறைச்சு, வேளைக்குச் சாப்பாடு, அப்பாவோட பட்டறையில ரெண்டு மணி நேரம் வேலை, ராத்திரி ஜெபத்துல அவன் பேரு, இது மூணும் வத்தாமப் பாத்துக்கிட்டேன். நீங்க என்ன வரைஞ்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியலை ஆண்டவரே, நான் முதுகுப் பக்கத்துலதான் நிக்கிறேன்னு சொல்லித்தான் ஜெபம் பண்ணுவேன். இப்ப அவன் காரைக்குடியில ஒரு கடையில கணக்கு பாக்குறான். பெரிய சம்பளம் இல்ல. ஆனா சாயங்காலம் வந்தா திண்ணையில உக்காந்து பேசுறான், எனக்கு அது போதும்.

இன்னொண்ணு ஊரணியில கெடச்சுது. செட்டிநாட்டுல வருஷம் பூரா தண்ணி ஓடுற ஆறு கிடையாது, வானம் பாத்த பூமி, ஐப்பசி கார்த்திகையில பெய்யுற மழையைப் புடிச்சு வச்சாத்தான் வருஷத்தை ஓட்ட முடியும். பழைய வீடுகள்ல நாலு பக்கக் கூரைத் தண்ணியும் முற்றத்துல வந்து விழுற மாதிரிதான் கட்டியிருக்காங்க, அண்டாவை வச்சுப் புடிப்பாங்க, மிச்சம் வாய்க்கால் வழியா ஊரணிக்குப் போகும். குடிதண்ணி ஊரணின்னா அதுல கால் நனைக்கக்கூட விட மாட்டாங்க. இந்த ஊரணியை எப்ப தூர் வாருவாங்க? சித்திரை வைகாசியில, அடிமண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கிறப்ப. தண்ணி நெறைஞ்சு நிக்கிறப்ப யாரும் மம்பட்டியோட இறங்க முடியாது.

மாமியார் படுத்த படுக்கையான காலத்துல எனக்கு ஜெபம் வத்திப் போச்சு. ஜெபமாலையைக் கையில எடுத்தா கண்ணு சொருகும், பூசைக்குப் போனா எப்ப முடியும், அவங்களுக்குக் கஞ்சி குடுக்கணுமேன்னு இருக்கும். திருப்பாடல் 63ல நீரின்றி வறண்ட தரிசு நிலம்னு வருது பாருங்க, அப்படித்தான் கிடந்தேன். அந்தக் கோடையில எங்க ஊர்ல தூர் வாருனாங்க. வெயில்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தப்பதான் தோணுச்சு, காஞ்சு கிடக்கிற நேரம் சும்மா கிடக்கிற நேரம் இல்ல, இந்த நேரத்துல மட்டும்தான் செய்ய முடியுற ஒரு வேலை இருக்குன்னு. வீட்டுக்கு வந்து பைபிளைத் தேடுனேன், அரசர்கள் ரெண்டாம் புத்தகம் மூணாம் அதிகாரத்துல இறைவாக்கினர் எலிசா இதையே சொல்லியிருக்காரு. படையும் மாடும் தண்ணி இல்லாமத் தவிக்கிறப்ப, காத்தும் பாக்க மாட்டீங்க, மழையும் பாக்க மாட்டீங்க, ஆனா பள்ளத்தாக்கு பூரா வாய்க்கால் வெட்டுங்கன்றாரு. தண்ணி வர்றதுக்கு முன்னாடி பள்ளம்.

எனக்கு என்ன பள்ளம்னா, நீளமா ஜெபம் பண்ண முடியாத அந்த நாள்ல மனசுல படிஞ்சு கிடந்த சேறு கொஞ்சம் வெளியில வந்துச்சு. என் நாத்தனார் மேல ஒரு பழைய மனத்தாங்கல், நகை விஷயம், விவரம் இங்க வேண்டாம். மனசு நெறைஞ்சு பாட்டும் கண்ணீருமா ஜெபம் பண்ணுன நல்ல காலத்துல அது அடியில கிடந்தது எனக்குத் தெரியவே இல்ல. வத்துனப்பதான் தெரிஞ்சுது. போன் போட்டுக் கூப்பிட்டேன், அம்மாவைப் பாக்க வாங்க, வந்து என்கூட பத்து நாள் இருங்கன்னு. வந்தாங்க. ரெண்டு பேரும் சேந்து மாமியாரைத் திருப்பிப் படுக்க வச்சு முதுகு துடைச்சுவிட்டோம். மாமியார் தரையில பாய் போட்டுத்தான் படுப்பேன்னு அடம் புடிச்சதால தரையிலதான் படுக்கை, அவங்க கையை எடுத்துப் பக்கத்துல இருக்கிற கல்லைத் தடவிக்கிட்டே இருப்பாங்க, அது அவங்க மாமனார் போட்ட கல்லு. நாத்தனார் தேங்காயெண்ணெய் ரெண்டு சொட்டு விட்ட தண்ணியில அந்தக் கல்லைத் துடைச்சு விடுவாங்க, மினுமினுன்னு வந்துரும், மாமியார் பாத்துச் சிரிப்பாங்க. பேச்சு அப்ப அவங்களுக்கு நின்னு போயிருந்துச்சு.

மாமியார் இறந்தப்ப துக்கத்துக்கு வந்த ஒருத்தங்க என் கையைப் புடிச்சுக்கிட்டு, ஆண்டவர் இதுல உனக்கு ஒரு பாடம் வச்சிருக்காருன்னு சொன்னாங்க. என் நாத்தனார் எந்திரிச்சுக் கொல்லைக்குப் போயிட்டா. இதை நான் அழுத்திச் சொல்லணும். அன்றாட வாழ்க்கையில பாடம் கெடைக்கிறது நெஜம், ஆனா அது கெடைச்சவங்களோடது. அடுத்தவங்க துக்கத்துக்குள்ள கையை விட்டு நாம பாடம் எடுத்துக் குடுக்கக் கூடாது. பைபிள்ல எல்லாத்தையும் இழந்து நின்ன யோபுவோட கூட்டாளிகள் வந்து ஏழு நாள் ராப்பகலா அவரோட தரையில உக்காந்து ஒரு வார்த்தையும் பேசாம இருந்தாங்களே, அந்த ஏழு நாள்தான் அவங்க செஞ்ச நல்லது, வாயைத் திறந்ததும் எல்லாம் கெட்டுச்சு. பிறவியிலேயே கண்ணு தெரியாதவரைப் பாத்து இது யாரு பண்ணுன பாவம்னு சீடருங்க கேட்டப்ப இயேசு யாரையும் குத்தம் சொல்லல, குனிஞ்சு மண்ணுல உமிழ்ந்து சேறாக்கி அவரு கண்ணுல பூசுனாரு. துக்க வீட்டுக்குப் போனா சோத்துப் பானையை எறக்கி வைங்க, பாத்திரம் கழுவுங்க, வந்த புள்ளைங்களுக்குப் பால் காச்சிக் குடுங்க.

அதே மாதிரி, ஜெபம் பண்ணிட்டுப் போனேன் ஆர்டர் கெடச்சுதுங்கிற மாதிரி கணக்கையும் நான் பாடமா எடுத்துக்கிறதில்ல. ஆர்டர் கெடச்சா நன்றி சொல்றேன், கெடைக்காத மாசமும் நன்றி சொல்றேன். மிஷின்ல செய்யுற விட்ரிஃபைட் டைல்ஸ் வந்தப்புறம் எங்க தொழில்ல எத்தனையோ நல்ல ஜெபக்காரங்க பட்டறையை மூடிட்டாங்க, அவங்க விசுவாசம் குறைச்சல்னு யாரு சொல்ல முடியும்? எனக்கு வந்த பாடம் என்னை இன்னொருத்தர்கிட்ட கொண்டுபோய் விடணும், மன்னிப்பு கேக்க, கஞ்சி குடுக்க, பொறுத்துப் போக. என்னை மட்டும் தட்டிக் குடுக்கிற பாடமா இருந்தா நான் ரெண்டு நாள் வச்சுப் பாத்துட்டு விட்டுர்றேன்.

தினசரி என்ன செய்யுறேன்னு கேட்டா, ரொம்பச் சின்ன விஷயம்தான். ஒரு தவக்காலத் தியானத்துல இயேசு சபை ஃபாதர் ஒருத்தர் சொல்லிக் குடுத்தது, புனித இஞ்ஞாசியார் தன் சபைக்காரங்களுக்கு வச்சுட்டுப் போன ஆன்ம ஆய்வு. ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி முதல்ல நன்றி, அப்புறம் தெளிவு கேட்டு ஒரு சின்ன ஜெபம், அப்புறம் காலையிலேருந்து நடந்ததை வரிசையா ஓட்டிப் பாக்குறது, தப்புக்கு மன்னிப்பு, நாளைக்கு என்னன்னு ஒரு நெனப்பு. நான் இதுல எனக்குன்னு ஒரு கேள்வி வச்சிருக்கேன், இன்னைக்கு எந்த எடத்துல நெஞ்சு லேசாச்சு, எந்த எடத்துல இறுகுச்சுன்னு. பெரும்பாலும் அந்த எடம் கோயிலா இருக்காது. தொட்டியடியா இருக்கும், பஸ்ஸா இருக்கும், ரேஷன் கடை வரிசையா இருக்கும். கையில ஒரு வேலை வச்சுக்கிட்டே இதைச் செய்யலாம், நான் மறுநாளுக்குக் கீரை ஆய்ஞ்சுக்கிட்டே செய்வேன்.

எங்க பக்கத்துச் சனம் ஓரியூருக்குப் போவோம், புனித அருளானந்தர், அதான் ஜான் டி பிரிட்டோ, தலை வெட்டப்பட்ட எடம், 1693 பிப்ரவரி 4. லிஸ்பன்ல பெரிய குடும்பத்துல பொறந்து இஞ்ஞாசியாரோட சபையில சேந்து இங்க வந்தவரு. காவி கட்டி, கறி மீனை விட்டு, பண்டாரச் சாமியா மறவ நாட்டுல, அதாவது ராமநாதபுரம் பக்கத்துல, சுத்துனாரு, தமிழ் படிச்சாரு, இந்தச் சனம் எதைத் திங்குது, எப்படி உக்காருதுன்னு வாழ்ந்து பாத்துட்டுத்தான் வேதம் பேசுனாரு. அந்தச் செம்மண்ணுல நிக்கிறப்பல்லாம் எனக்கு இதுதான் தோணும், இந்த மனுஷன் பேசுறதுக்கு முன்னாடி எவ்வளவு பாத்திருப்பாருன்னு.

இப்ப எங்க அன்பியத்துல இதை ஒரு வழக்கமா வச்சிருக்கோம். நற்செய்தி வாசிச்சதும் ஒருத்தர் தன்னோட வேலையிலேருந்து ஒண்ணைச் சொல்லணும், ஆனா முதல்ல அந்த வேலை எப்படி நடக்குதுன்னு மட்டும்தான் சொல்லணும், ஆண்டவர் பேரே எடுக்கக் கூடாது. மத்தவங்க கேள்வி கேக்கலாம், எதுக்கு அப்படிச் செய்யுறீங்க, செய்யலைன்னா என்ன ஆகும்னு. அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் அமைதி. ஏதாவது தோணுனா சொல்லலாம், தோணலைன்னா ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிச்சுக்கலாம், யாரும் வலிய ஒண்ணை ஒட்ட வேண்டாம். வெறுமனே முடிஞ்ச நாளும் நெறைய இருக்கு, அதுவும் நல்லாத்தான் இருக்கு, பத்து வருஷமாப் பக்கத்து வீட்டுல இருக்கிறவங்க என்ன வேலை செய்யுறாங்கன்னு முதல் தடவையா ஒழுங்காக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம்.

போன கூட்டத்துல பேசுனது கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போடப் போற அக்கா. வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு சொன்னாங்க. உழக்கு நெறைய பச்சரிசியை அளந்து மேல மட்டமா வழிச்சுத் தலை தட்டிட்டு, அதே உழக்கு மேல உளுந்தைக் கோபுரமாக் குமிச்சு வைக்கணும், எவ்வளவு நிக்குமோ அவ்வளவு, சரிஞ்சு விழுந்தாப் போதும்னு நிறுத்திக்கணும். உளுந்து விலைன்னு பாத்துக் குமியைக் குறைச்சா பணியாரம் கல்லு மாதிரி ஆயிருமாம், எத்தனை சோடா போட்டாலும் எந்திரிக்காதாம். பேசி முடிச்சதும் அமைதியா இருந்தோம், கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களேதான் மெதுவாச் சொன்னாங்க, அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படின்னு லூக்காவுல வருதே, நான் தினமும் அளக்குறேன், இன்னைக்கு வரைக்கும் ரெண்டையும் சேத்துப் பாத்ததில்லையேன்னு. அவங்க கண்ணு கலங்கிருச்சு. அப்புறம் அவங்க சொன்னது, கூட வேலை செய்யுற பொண்ணுக்கு நான் கூலியைத் தலை தட்டித்தான் குடுத்துக்கிட்டு இருக்கேன்னு. யாரும் பதில் சொல்லல, சொல்லவும் வேணாம். அடுத்த கல்யாணத்துல அந்தப் பொண்ணுக்குச் சம்பளம் கூட்டிக் குடுத்ததோட, வீட்டுக்குக் கொண்டுபோகப் பலகாரமும் ஒரு தூக்கு நெறையக் குடுத்து விட்டிருக்காங்கன்னு அந்தப் பொண்ணோட அம்மாதான் என்கிட்ட சொன்னாங்க.

அடுத்த கூட்டம் பனை ஓலையில கொட்டான், அதான் கூடை, முடையுறவங்க வீட்டுல. ஓலையை ஈரமா வச்சுத்தான் முடையணுமாம், எவ்வளவு ஈரம், காஞ்சா என்ன பண்ணுவாங்கன்னு அங்க போய்த்தான் கேக்கணும், ஓலையும் கத்தியும் நாங்களே எடுத்து வைக்கிறோம், எல்லாரும் கையில எடுத்து ஒரு வரியாவது முடைஞ்சு பாக்கணும்னு அந்த வீட்டுக்காரங்க சொல்லியிருக்காங்க.